சங்குக்குச் சுருதி சேர்த்த தொப்பி செட்டு

கஸ்பாரின் கிதாரைத் தோளில் மாட்ட முடியாது. மடியில் படுக்கவைத்துத்தான் வாசிக்க வேண்டும். எட்டுக் கம்பிகள். இடது கை விரல்களுக்குப் பதில் ஓர் இரும்புத் துண்டு. அதைக் கம்பிகளின் மேல் இழுத்தால் சத்தம் வழுக்கிக்கொண்டே போகும். அழுகிறவன் மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி அழுவதைப்போல. அந்த இரும்புத் துண்டைப் பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அவருடைய அப்பா கடைசல் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கிதாரோ, எதிர் வீட்டு ஆங்கிலோ இந்திய இன்ஜின் டிரைவருடையது. அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது கட்டிலையும் அலமாரியையும் விற்றார். கிதாரையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் வாங்க ஆளில்லை. ராயபுரத்துக் கத்தோலிக்கப் பையன் கஸ்பாருக்கு அப்போது பதினெட்டு வயது. இரண்டும் அவனிடம் வந்து சேர்ந்தன.

அந்தத் தட்டுகளில் இருந்தது அமெரிக்க நாட்டுப்புறத்து இசை. லாரி ஓட்டுகிறவர்களும் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறவர்களும் சாயங்காலம் குடிக்கப் போகும் கடைகளில், குடிகாரர்களின் கூச்சலுக்கு மேலே கேட்கவேண்டும் என்பதற்காகவே உரக்க வாசிக்கப்பட்டது. ரயிலைத் தவறவிட்டவன், ஜெயிலுக்குப் போனவன், சம்பளத்தைக் குடித்துத் தீர்த்தவன், பெண்டாட்டி விட்டுப்போனவன் என்று இவர்களைப் பற்றித்தான் பாட்டு. கஸ்பாருக்குப் பாதி ஆங்கிலம் புரியவில்லை. கரோலினைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு அவர்தான் வரி வரியாகக் கேட்டுச் சொன்னார்.

"இதுல எதுய்யா அமெரிக்கா? இத்தினியும் நம்ம தெருவுல கீது."

அதற்கப்புறம் கரோலின் ஆங்கிலத்தில் பாடுவதை நிறுத்திவிட்டார். மெட்டு அமெரிக்காவினுடையது, சொல் ராயபுரத்தினுடையது. விம்கோ நகர் தீப்பெட்டித் தொழிலாளியின் பெண்டாட்டி பாடுவதாக ஒரு பாட்டு. துறைமுகத்தில் கன்டெய்னர் வந்ததால் வேலை போனவன் ஒரு பாட்டு. அந்த வேலை போனவன் கஸ்பாரேதான். பதினோரு வருடம் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டிய பிறகு, நாளைக்கு வரவேண்டாம் என்று வாசலில் வைத்தே சொல்லிவிட்டார்கள்.

பேஸ் கிதாருக்கு ஜாபர் சேர்ந்தார். பகலில் டிரெய்லர் லாரி ஓட்டுபவர். பர்மா பஜாரில் மூன்று கௌபாய் தொப்பிகள் வாங்கினார்கள். குழுவுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். அது யாருக்கும் நினைவில் இல்லை. வடசென்னை முழுவதும் அவர்கள் தொப்பி செட்டு.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பாரில் காலி பீர் பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை போட்டு ஏழு வருடம் வாசித்தார்கள். லாரிக்காரர்கள் அழுதார்கள், சண்டை போட்டார்கள், ஒரே பாட்டை நான்கு முறை கேட்டார்கள். கல்யாணம், காதுகுத்து, மாதா திருவிழா, அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது, எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார்கள். ஒரு தடவை டிவிக்காரர்களும் கூப்பிட்டார்கள். நடுவராக உட்கார்ந்திருந்தவர் கரோலினின் பேச்சைக் கேட்டு, அதே மாதிரி பேசிக்காட்டினார். அரங்கமே சிரித்தது. இந்த நகரம் ஓடுவதற்கு வேண்டிய மின்சாரமும் பெட்ரோலும் உரமும் அந்தப் பேச்சு பேசுகிறவர்களின் நுரையீரல் வழியாகத்தான் போகின்றன. அந்தப் பேச்சு மட்டும் நகரத்துக்குச் சிரிப்பு.

வாடகை ஏறியதும் ராயபுரத்தை விட்டு எண்ணூர் பக்கம் போனார்கள். சிப்பிக்குப்பத்தை ஒட்டி ஜாபரின் லாரி ஷெட். அதில்தான் இருபது வருடப் பயிற்சி. ஷெட்டின் பின்சுவருக்கு அப்பால் குளோரின் தயாரிக்கும் ஓர் ஆலை. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து, மூன்று ஷிப்டுக்கும் அதன் சங்கு ஊதும். ஒரே நீளமான ஊதல். அந்த ஊதல் அவர்களுக்கு வேண்டிய சுரத்துக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. கஸ்பார் முதலில் திட்டினார். பிறகு சோம்பல்பட்டு கிதாரையே சங்குக்கு இறக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குச் சங்கு ஊதும்போது மூவரும் தலையைச் சாய்த்துக் கேட்க, கஸ்பாரும் ஜாபரும் முறுக்காணியைத் திருகுவார்கள். வெளியிலிருந்து யாராவது கீபோர்டு வாசிக்க வந்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

"இன்னா நைனா, எல்லாமே கால் வீசம் கீழ கீதே?"

"நீ மேல கீற. எறங்கி வா," என்பார் ஜாபர்.

குப்பத்துக்கும் இது பழகிவிட்டது. சங்கு ஊதி, அதன் பின்னாலேயே கிதார் சிணுங்கினால் தொப்பி செட்டு ஆரம்பிக்கப்போகிறது என்று அர்த்தம். பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடிவரும். கெங்கம்மாவும் வருவார். மீன் விற்பவர், அறுபது வயது, எந்த நிகழ்ச்சியானாலும் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து முதல் வரிசையில் போடுவார். மூன்றாவது பாட்டுக்குள் எழுந்து ஆடாமல் இருந்ததில்லை.

"தொப்பிக்காரா, அந்த ஜெயிலு பாட்ட வுடு. எம் புருசன் ஞாபகம் வர்து."

"அவரு ஜெயிலுக்கா போனாரு?"

"போயிருந்தாலாச்சும் எங்க கீறான்னு தெர்ஞ்சிருக்கும்."

போன ஆடி மாதம், கூழ் ஊற்றும் திருவிழா. ஷெட்டுக்கு முன்னாலிருந்த பள்ளமான மைதானத்தில் நான்கடி உயரத்துக்கு மேடை. ஆறரைக்கு நிகழ்ச்சி. ஐந்தரைக்கெல்லாம் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் இன்னும் வரவில்லை.

ஐந்து நாற்பதுக்குச் சங்கு ஊதியது.

கஸ்பார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தார் என்பது முக்கியம்.

"இன்னாடா, இப்ப ஊத்றான்?" என்றார் ஜாபர்.

"ஓவர்டைம் உட்றான் போல. சும்மா வர்து, வுடாத, சுருதி புடி."

மூவரும் தலையைச் சாய்த்தார்கள். கஸ்பாரும் ஜாபரும் ஆணிகளைத் திருகினார்கள். ஸ்பீக்கர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் கம்பிகளின் சிணுங்கல் குப்பம் முழுக்கக் கேட்டது. கதவுகள் திறந்தன. சீக்கிரமாகவே ஆரம்பிக்கிறார்கள் என்று நினைத்து ஜனம் மேடையை நோக்கி வந்தது. கெங்கம்மா நாற்காலியோடு வந்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள்.

முதலில் பிளீச்சிங் பவுடர் வாசனை. கார்ப்பரேஷன்காரன் திருவிழாவுக்கென்று தெளித்திருக்கிறான் என்றார் யாரோ. பிறகு பின்வரிசையில் ஒருவர் இருமினார். அந்த இருமல் நிற்கவில்லை.

குளோரின் காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழும், பள்ளத்தில் தங்கும். நான்கடி உயரத்தில் நின்ற மூன்று பேருக்குக் கண் மட்டும் எரிந்தது. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கரோலின் மைக்கில், "எந்திரி, எந்திரி, மேல ஏறு, மேடைல ஏறு!" என்று கத்தினார். பிள்ளைகளை ஜாபர் கையைப் பிடித்துத் தூக்கித் தூக்கி மேடையில் போட்டார். கெங்கம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. கரோலின் குதித்து இறங்கி, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தார். கஸ்பார் இறங்கி இருவரையும் தூக்குவதற்குள் ஐந்து நிமிடம் ஆகிவிட்டது.

நாற்பத்தொரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாற்பது பேர் திரும்பினார்கள். கெங்கம்மா மூன்றாம் நாள் காலை செத்துப்போனார். கரோலின் பிழைத்தார், குரல் பிழைக்கவில்லை. இப்போது அவர் பேசினால் காகிதம் கிழிகிற மாதிரி கேட்கும்.

அம்மனுக்கு முன்னால் கிறிஸ்தவனும் துலுக்கனும் தொப்பி போட்டுக்கொண்டு ஆட வந்ததால்தான் தாய்க்குக் கோபம் என்று பூசாரி சொல்லிக்கொண்டிருந்தார். நம்புவதற்கும் சிலர் இருந்தார்கள். துருப்பிடித்த ஒரு வால்வு எந்தச் சாமியையும் கேட்டுக்கொண்டு உடைவதில்லை. அதை மாற்றாமல் விட்டவனுக்குப் பெயர் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, மேலதிகாரி இருக்கிறான்.

தை மாதம் அரசு விசாரணை என்று ஐப்பசியில் நோட்டீஸ் வந்தது. கஸ்பார் ஏழாவது சாட்சி.

நோட்டீஸ் வந்த மறுநாள் எழிலன் என்றொருவர் ஷெட்டுக்கு வந்தார். ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி. இஸ்திரி போட்ட சட்டை, மென்மையான பேச்சு. கையோடு கொண்டுவந்த செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். திருவிழாவன்று குப்பத்துப் பையன் எவனோ எடுத்தது. சங்கு ஊதுகிறது. கஸ்பார் மணி பார்க்கிறார், சிரிக்கிறார், ஆணியைத் திருகுகிறார். அதை மறுபடி ஒருமுறை போடச் சொல்லி, விரல் விட்டு எண்ணினார் கஸ்பார்.

"நாங்க எச்சரிக்கை குடுத்திருக்கோம் சார். நீங்க கேட்டிருக்கீங்க. கேட்டேன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"அது ஷிப்டு சங்கு."

"அது உங்க அபிப்பிராயம்." எழிலன் உள்ளே எட்டிப் பார்த்தார். கரோலின் இருமுவது கேட்டது. "மேடத்தை எங்க பேனல் ஆஸ்பத்திரியில பார்க்கச் சொல்லலாம். நல்ல டாக்டருங்க."

"கேட்டேன்னு சொன்னாத்தானா?"

"நான் அப்படிச் சொல்லலையே. இன்னொண்ணு, அன்னிக்கு ஸ்பீக்கர் கட்ட அனுமதி வாங்கினீங்களா? இல்ல, சும்மா கேட்டேன். கூட்டத்தைச் சேர்த்தது யாருன்னு ஒரு கேள்வி வரும் இல்லையா?"

அவர் போன அன்று சாயங்காலமே அன்பரசன் வந்தார். குப்பத்துச் சங்கத் தலைவர், படகு வைத்திருப்பவர். வந்ததும் ஸ்பீக்கர் பெட்டி மேல் குந்தினார்.

"கஸ்பாரு, சங்கே ஊதல. முடிஞ்சிச்சு. எல்லாரும் அதையே சொல்றோம்."

"ஊதிச்சே அன்பு."

"ஊதிச்சு. எங்க காதுல இன்னா பஞ்சா வெச்சிகினு இருந்தோம்? ஊதிச்சுன்னு சொன்னா ஏண்டா ஓடலன்னு கேப்பான். அப்பால உன்னத்தான் காட்டுவான். உன்னக் காப்பாத்தத்தான்யா சொல்றோம், பேமானி."

"அவன்கிட்ட வீடியோ கீது."

அன்பரசன் ஸ்பீக்கர் பெட்டியை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "டூப்புன்னு சொல்லிடலாம்," என்றார் கடைசியில். அவருக்கே அது சரியாகப் படவில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்றார். "கெங்கம்மா பொண்ணு மதி எட்டாவது சாட்சி. நீ கண்டபடி ஒளறிட்டு வந்தீன்னா அவ மூஞ்சில எப்டி முழிப்ப, பாத்துக்க."

அன்றிரவு கஸ்பார் சாப்பிடவில்லை. கரோலின் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"அவுங்க சொல்ற பொய்ய சொன்னா அந்தப் படத்தப் போட்டுக் காட்டுவான்யா. அப்பால குப்பமே பொய்யின்னு ஆயிடும். கெங்கம்மா செத்தது நம்மாலன்னு எழுதிடுவான்."

"நிஜத்த சொன்னாலும் பாதி நம்மாலதான் கேரோ. மணி தப்புன்னு எனக்குத் தெரியும். நான் சிரிச்சேன்."

கரோலின் மூச்சு வாங்கிக்கொண்டார். "உன் பாதிய நீ சொல்லு. மீதிப் பாதிய அவன் தலைல கட்டு. கட்டாம வூட்டுக்கு வராத."

மறுநாள் கஸ்பார் ஆலையின் வாயிலுக்குப் போனார். செக்யூரிட்டி கூண்டுக்குப் பின்னால், உள்ளே போகிறவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு பலகை. ஷிப்டுக்கு ஒரே நீளமான ஊதல்; ஆபத்துக்கு விட்டு விட்டு மூன்று நிமிடம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதியிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நானூறு குடும்பங்கள். அவர்கள் படிக்கும் மொழியில் ஒரு வரி கிடையாது. படிக்கவேண்டிய இடத்தில் பலகையும் கிடையாது.

விசாரணையைத் திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மணமகள் அறையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டைப் அடிக்க ஒரு கிளார்க். ஆலையின் வக்கீல் ஜன்னலோரம். சாட்சிகளுக்கு வெளியே நடையில் ஒரு பெஞ்சு.

"சங்கு ஊதியதைக் கேட்டீர்களா?"

"கேட்டேன் சார்."

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மணி பார்த்தீங்களா?"

"பாத்தேன். அஞ்சு நாப்பது."

"அது ஷிப்டு நேரமா?"

"இல்ல."

"ஆனாலும் நீங்க போகல. யாரையும் போகச் சொல்லல. அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"சுருதி சேத்தேன்."

கிளார்க்கின் கை நின்றது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கஸ்பார் தாமே தொடர்ந்தார்.

"இருவது வருசமா அந்த சங்குக்குத்தான் சுருதி சேக்கறோம். அதக் கேட்டுத்தான் சோறு துன்றோம், அதக் கேட்டுத்தான் பசங்களப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறோம். நான் கம்பிய மீட்டுனதுனாலதான் கெங்கம்மா நாற்காலிய எடுத்துகினு வந்துச்சு. அத நான் இல்லேங்கல, எழுதிக்கோங்க. ஆனா அது ஆபத்து சங்கு இல்ல. இவுங்க குடுத்த வீடியோவுலயே எண்ணிப் பாருங்க. இருவத்திரெண்டு செகண்டு, ஒரே ஊதல், நடுவுல வெட்டே கெடையாது. இவுங்க கேட்டாண்ட இவுங்களே வெச்சிருக்கற போர்டுல, ஆபத்துன்னா விட்டு விட்டு மூணு நிமிசம்னு போட்டிருக்கு. அந்த சத்தம் அன்னிக்கு வரல. எங்க ஆயுசுல ஒரு நாளும் அத நாங்க கேட்டதில்ல."

வக்கீல் தம் காகிதங்களைப் புரட்டினார். ஆபத்துக்கான அந்தத் தனிச் சங்கு வேலை செய்யாமல்போய் எத்தனை மாதம் ஆயிற்று என்று அதிகாரி அவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கிளார்க்கைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

"சங்கு ஒலித்ததைத் தாம் கேட்டதாகச் சாட்சி ஒப்புக்கொண்டார். அது ஷிப்டு நேரம் அல்ல என்பதையும் அறிந்திருந்தார். இருப்பினும் நிகழ்ச்சி ஏற்பாடுகளைத் தொடர்ந்தார். முடிந்தது. கையெழுத்து வாங்கு."

தாள் கஸ்பார் முன் வந்தது. அவர் இரண்டு முறை படித்தார்.

"மீதி எங்க சார்?"

"எது?"

"போர்டு. இருவத்திரெண்டு செகண்டு."

"அதெல்லாம் தொழில்நுட்ப விஷயம். நிபுணர் குழு பார்க்கும். நீங்க பாட்டுக்காரர்."

"பாட்டுக்காரனுக்குத்தான் சார் சத்தம் தெரியும்."

"கையெழுத்துப் போடுறீங்களா, ஒத்துழைக்க மறுத்தார்னு எழுதட்டுமா?"

கஸ்பார் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே, டைப் அடித்த வரிக்குக் கீழே, தமிழில், கோணல்மாணலாக, தாம் சொன்ன மீதியையும் எழுதினார். அவர் எழுதிப் பழகாதவர், நேரம் பிடித்தது. 'நிறுத்துங்க' என்று அதிகாரி இரண்டு தடவை சொன்னார். கையிலிருந்து பிடுங்கவில்லை. எழுதி முடித்து, அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டார். நகல் கொடுக்காமல் எழுந்திருக்கமாட்டேன் என்று உட்கார்ந்தார். கிளார்க் அலுத்துக்கொண்டே போய் ஜெராக்ஸ் எடுத்துவந்தார்.

வெளியே நடையில், பெஞ்சின் நுனியில் மதி உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் ஓட்டர் அட்டை அவள் கையில் இருந்தது. பக்கத்தில் அன்பரசன். தூணோரம் எழிலன் நின்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சொன்ன மாமா?" என்றாள் மதி.

"ஊதிச்சுன்னு சொன்னேன்."

அன்பரசன் காறித் துப்புவதற்கு இடம் தேடினார்.

"நீ கேட்டியா?" என்றாள் மதி.

"கேட்டேன். மணி தப்புன்னும் தெரியும். ஓவர்டைம்னு சொல்லிச் சிரிச்சேன். அப்பால கம்பிய மீட்டினேன். அதக் கேட்டுத்தான் உங்கம்மா வந்துச்சு."

மதி அவரைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். அவர் நகலைக் கொடுத்தார். அவள் டைப் அடித்ததைப் படித்தாள். கோணல் எழுத்தை விரல் வைத்துப் படித்தாள். ஒரு தடவை நிறுத்தி, "அந்த போர்டு மெய்யாலுமே கீதா?" என்று கேட்டாள்.

"போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். காகிதத்தை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. அதோடு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

"சங்கு ஊதிச்சு சார்," என்பது கேட்டது. "ஷிப்டு சங்கு. நாங்கூட பாட்டு ஆரம்பிச்சிட்டாங்கன்னுதான் எங்கம்மாவக் கெளப்பி வுட்டேன். அத எழுதறதுக்கு முன்னாடி, இதுல கீற போர்ட எழுது."

அன்பரசன் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார். அடுத்த பெயர் அவருடையது. மூன்று மாதமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வாக்குமூலம் வாய்க்குள் இருந்தது.

"எங்க பாய்லர் பக்கம் காண்ட்ராக்ட்ல ஒரு பையன் இருக்கானே, அவன் உங்க பையன்தானே?" என்றார் எழிலன் தூணிலிருந்து, அதே மென்மையான குரலில். "நல்ல பையன்."

அன்பரசன் எழுந்தார். வேட்டியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். பிறகு கஸ்பாரிடம் குனிந்தார்.

"எத்தினி செகண்டுன்ன?"

"இருவத்திரெண்டு."

மதி வெளியே வந்தாள். எழிலன் செல்போனை உயர்த்தினார். அன்பரசன் அதை நேராகப் பார்த்தபடி ஒரு கணம் நின்றுவிட்டு, உள்ளே போனார்.